முழு மணலையும் கிளறிய நாள்

அப்பாவின் தொழில் மீன் தொட்டி பராமரிப்பு. பல் மருத்துவமனை, ஓட்டல் வரவேற்பறை, வங்கி என்று எங்கெல்லாமோ கடல்நீர்த் தொட்டிகள் வைத்திருந்தார். உப்பு கலப்பார், கண்ணாடி துடைப்பார், கடைசியாக மணலுக்கு வருவார்.

குழாயை மணலில் நட்டு அழுக்கை உறிஞ்சி எடுப்பதில் அவருக்கு ஒரே விதி. ஒரு தடவைக்குக் கால் பங்கு மணல்தான். மிச்சத்தை அடுத்தடுத்த வாரங்களுக்கு விட்டுவிட வேண்டும். நீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள் மணலில்தான் குடியிருக்கின்றன. அடியில், காற்றுப் போகாத இடத்தில், அழுகிய முட்டை போல நாறும் விஷ வாயு தேங்கியிருக்கும். மொத்தமாகக் கிளறினால் அது நீரில் கலந்து மீனைக் கொன்றுவிடும். நான் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேதியியல் பிரிவில் இருக்கிறேன். அவர் சொன்னது சரி.

பல் டாக்டருக்குப் பொறுமை இல்லை.

"என்னங்க, ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் அழுக்கு. மொத்தமா பளிச்சுனு பண்ணக்கூடாதா?"

"ஒரே நாள்ல ஒருத்தருக்கு அத்தனை பல்லையும் புடுங்குவீங்களா சார்?"

வீட்டுத் தொட்டியில் இருந்தது ஒரே ஒரு மீன். வாய் நிறைய மணலை அள்ளி, அதிலுள்ள இரையைச் சலித்துத் தின்றுவிட்டு, மணலைச் செவுள் வழியாகத் துப்பும். விடிந்தால் அடைந்தால் அதே வேலை. அம்மா அதற்குக் 'கொத்தனார்' என்று பேர் வைத்தாள். "நாள் பூரா மணல் அள்ளுறாரு, ஒரு செவுத்தக் காணோம்" என்று அவள் சொல்லும்போது, பேச்சு மீனுக்கா தனக்கா என்று அப்பா திரும்பிப் பார்ப்பார்.

பிறகு அவருக்கு வயிற்றில் கட்டி. மாதக்கணக்கில் மருந்து ஏறியது. தொட்டிப் பக்கம் போக உடம்பில் தெம்பில்லை. மணல் அப்படியே கிடந்தது. அறுவை சிகிச்சைக்குச் சேரவேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, அம்மா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுத் தோள்வரை கையைத் தொட்டிக்குள் விட்டிருந்தார்.

"இப்ப எதுக்குங்க இதெல்லாம்?"

"நான் வர்ற வரைக்கும் நீ இதுல கை வைக்கிற மாதிரி இருக்கக்கூடாது. முழுசா முடிச்சுட்டேன்."

அழுகிய முட்டை நாற்றம் அடித்ததாம். சாக்கடை அடைத்துக்கொண்டது என்று நினைத்து அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டிருக்கிறாள். அப்பாவுக்கு எதுவும் தெரியவில்லை. மருந்தில் அவருக்கு மோப்பமே போயிருந்தது.

மறுநாள் அவரைச் சேர்த்துவிட்டு, போர்வை எடுக்க நானும் அம்மாவும் வீட்டுக்கு வந்தோம். மீன் பக்கவாட்டில் கிடந்தது.

அம்மா அதை வலையில் அள்ளி எடுத்தாள். "அவர் கையாலயே போச்சுன்னு தெரிஞ்சா உடைஞ்சுடுவாரு. அவர்கிட்ட மூச்சு விடாத."

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் கேட்டார். "கொத்தனார் என்ன பண்றான்?"

"அவருக்கென்ன, உங்கள மாதிரி லீவு போட்டுட்டா படுத்திருக்காரு? ராஜாவாட்டம் இருக்காரு."

"சிரிக்க வைக்காதடி, தையல் பிரிஞ்சிடும்."

தினமும் ஒரு கதை சொன்னாள். குழி தோண்டினார், கல்லைத் தள்ளினார், என்னைப் பார்த்து முறைத்தார். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வார். ஒருநாள் கதைக்கு நடுவில், "மணல் எப்படி இருக்கு?" என்றார்.

இதில் மறைக்க எதுவும் இருப்பதாக அம்மாவுக்குத் தோன்றவில்லை. "மேல காபித்தூள் தூவின மாதிரி பழுப்பா படிஞ்சிருக்குங்க. தொட்டி பூரா."

புரட்டிக்கொண்டே இருக்கும் மணலில் பழுப்பு அப்படிப் படியாது. அந்த மீன் உயிரோடு இருந்தால் தொட்டி பூரா படிய விடாது.

அப்பா என்னைப் பார்த்தார். நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன். அவர் பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"சாப்பாடு மட்டும் ஒரு சிட்டிகை போட்டுட்டு வா. நிறையப் போட்டுடாத. வயசானவன், செரிக்காது."

"நான் பாத்துக்கிறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்ற அம்மாவின் முகத்தில் அத்தனை நிம்மதி.

மீன் இல்லாத தொட்டியில் விழும் அந்தச் சிட்டிகை மக்கி, மணலில் மிஞ்சிய நுண்ணுயிர்களுக்கு இரையாகும். அது எனக்குப் புரியும் என்று அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகும் தினமும் கேட்டார். "இன்னைக்கு என்ன சேட்டை பண்ணான்?" அவள் சொன்னாள். சிரிக்கவேண்டிய இடங்களில் சரியாகச் சிரித்தார். பிறகு தையலில் சீழ் வைத்தது. காய்ச்சல் ஏறியது, இறங்கவில்லை. கேட்பது நின்றது. அதோடு எல்லாம் முடிந்தது.

வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு அம்மா தொட்டியின் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு சிட்டிகை தூவினாள்.

"கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாமலே போயிடுச்சு, இல்ல?"

"தெரியாதும்மா."

"எனக்குப் பொய் சொல்லவே வராதுன்னு எப்பப் பாத்தாலும் கேலி பண்ணுவாரு" என்றாள்.