நைனாவுக்காக வாங்கிய கார்

அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்போம். மூட்டுவலியால் அவர் மலைப்படி ஏறுவது நின்றுபோனது. அதன்பிறகு கிருத்திகை வந்தால், அம்மையார்குப்பத்தில் வீட்டு வாசலில் நின்று திருத்தணி இருக்கும் பக்கமாகக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவார். எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய கார் ஒன்றை வாங்கினேன்.

முதல் பூஜையை மலைமேல்தான் போட வேண்டும் என்று கிருத்திகை அன்றே கிளம்பினோம். கார் வாங்கிய அத்தனை பேரும் அதே நல்ல நாளைத்தான் பார்த்திருந்தார்கள். மலைப்பாதை முழுக்க மாலை போட்ட கார்கள். மேலே போய்ச் சேரும் நம்பிக்கை போனவர்கள், நடுரோட்டிலேயே சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள். அவர்கள் நசுக்கி முடிக்கும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மலைக்கென்று கிளம்பிவிட்டால், முருகனைப் பார்க்காமல் நைனா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சர்க்கரை வேறு. மடக்க முடியாத காலைப் பின்சீட்டில் நீட்டிக்கொண்டு கண்மூடி இருந்தார். அவர் கை நடுங்குவதைக் கண்ணாடியில் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. எப்படியோ வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்து, அழுது கெஞ்சித்தான் அவரைச் சாப்பிட வைத்தேன்.

அடுத்த கிருத்திகைக்கு அடிவாரத்திலேயே தடுப்பு வைத்துவிட்டார்கள். கார்கள் மேலே போகக்கூடாதாம், எல்லோரும் பஸ்ஸில்தான் போக வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் போலீஸ்காரரிடம் சண்டைக்கே நின்றேன்.

"இவருக்காகத்தான் சார் காரே வாங்கினேன்."

"எல்லாருமே யாருக்காகவோ வாங்கிகினுதாம்மா வராங்க," என்றார் அவர், அலுப்போடு. "பெரியவர பஸ்ல முன்னாடி குந்த வெய்ங்க."

முன்சீட்டில் இருந்தவர்கள் எழுந்து எங்களுக்கு இடம் விட்டார்கள். கார்கள் இல்லாத பாதையில் பஸ் தடங்கல் இல்லாமல் ஏறியது. நைனா காலை நீட்டிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கார்ல உன் முதுகப் பாத்துகினே வந்தேம்மா," என்றார். "இப்பதான் பக்கத்துல குந்திகினு கீற."

மேலே போய்ச் சேர இன்னும் ஒரு வளைவுதான் இருந்தது. இந்த பஸ் கொஞ்சம் மெதுவாகப் போகக்கூடாதா என்றிருந்தது.