அம்மாவின் கைக்குப் போகாத துணி

கத்தோலிக்கக் கோயிலில் குருப்பட்டம் கொடுக்கும்போது ஆயர் புதுக் குருவின் உள்ளங்கைகளில் எண்ணெய் பூசுவார். அந்தக் கைகளைக் கட்டிய வெள்ளைத் துணியைத் தாயிடம் கொடுப்பார்கள். தாய் இறந்தால் அதை அவள் கையில் வைத்துப் புதைப்பது எங்கள் வழக்கம். நானும் ஒரு குருவைக் கொடுத்தேன் என்று ஆண்டவரிடம் காட்டுவதற்காம்.

தம்பியின் துணியை அம்மா அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார்.

அப்பா இறந்த வருடம் எனக்கு ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்தது, தம்பிக்குக் குருமடத்தில். "நீ வேலைக்குப் போனாத்தான் அவன் ஃபாதரா வர முடியும். ஆண்டவருக்குக் குடுக்கிறதா நெனச்சுக்க," என்றார் அம்மா. கட்டுகஸ்தோட்டையில் ஒரு புடவைக்கடையில் போய் நின்றேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களையும் அம்மாவே திருப்பி அனுப்பினார். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மா பாரிசவாதத்தில் விழுந்த பிறகு கஞ்சி ஊட்டியதும் மலசலம் அள்ளியதும் நான்தான். தெல்தெனியப் பக்கம் பங்குக் குருவாக இருந்த தம்பிக்குக் எங்களைப் பார்க்கக் கண்டிக்கு பஸ் ஏற நேரமில்லை. "பூசை இருக்குக்கா" என்பான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அம்மாவின் அடக்கப் பூசையை அவனே வைத்தான். "கிறிஸ்துவே குரு, கிறிஸ்துவே பலி. அந்தப் பலியோடு சேர்த்து என் தாய் என்னையும் கொடுத்தார்," என்று பிரசங்கித்தான். கோயிலே கண்ணைத் துடைத்தது. எனக்கு வயிறு எரிந்தது. கிறிஸ்து தன்னைத்தானே கொடுத்தார், சரி. எங்கள் வீட்டில் குரு அவன், பலி நான். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது வேதக்காரர் வீட்டிலும் நடக்கும்.

பெட்டியை மூடும் நேரம் என் பக்கம் குனிந்தான்.

"அக்கா, துணி எங்க?"

"என் பைக்குள்ள இருக்கு. தர மாட்டேன்."

"அம்மாவோட கடைசி ஆசைக்கா."

"எனக்கும் ஆசை இருந்துச்சு. யாரு கேட்டீங்க?"

எல்லோரும் பார்க்க அவன் முகம் கறுத்தது. எனக்கு மனசு குளிர்ந்தது. பாவம் என்றால் பாவமாகவே இருக்கட்டும்.

அம்மா வெறுங்கையோடு குழிக்குள் போனார். போகட்டும். என்ன கொண்டுவந்தாய் என்று ஆண்டவர் கேட்டால், காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கொடுத்ததையெல்லாம் வாயால்தான் சொல்ல வேண்டும். அங்கே பொய் சொல்ல முடியாது. என் பெயரையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.