சத்தம் இல்லாமல் ஓடிய காதல்

மேசைமேல் இருந்த தொலைபேசி அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓயவே இல்லை. உத்திரமேரூரில் ஒரு கேபிள் டிவி ஆபீசில் பில் போடுவதும் புகார் கேட்பதும் அப்போது என் வேலை. எங்கள் லோக்கல் சேனலில் முதலாளியம்மா ஒரு பழைய வெளிநாட்டு ஊமைப்படத்தைப் போட்டுவிட்டார். பார்த்தவர்கள் எல்லாம் டிவிதான் பழுது என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் பெட்டியைத் தட்டித் தட்டியே பின்மூடியை உடைத்துவிட்டு எங்களிடம் நஷ்டஈடு கேட்டார். முதலாளியம்மா அசரவில்லை. பிறந்தநாள் வாழ்த்து ஓடும் கீழ்வரியில், 'படத்தில் சத்தம் கிடையாது. உங்கள் டிவி நன்றாக இருக்கிறது' என்று ஓடவிட்டார்.

அது ஒரு காதல் படம். காதலன் படகேறிப் போகிறான். கரையில் நிற்பவளின் கன்னத்தில் ஆற்றின் மினுமினுப்பு ஆடுகிறது. படகு மறையும்வரை சிரித்துக் கையசைக்கிறாள். மறைந்த பிறகும் சிரிப்பு உதட்டிலேயே இருக்கிறது. கண் மட்டும் மெல்ல மெல்லக் காலியாகிறது. அப்படி ஒரு நடிப்பை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. இன்று பெருநகர் போகும் பஸ்ஸில் ஆளுக்கொரு போனை அலறவிட்டுக்கொண்டு வருகிறவர்கள், ஊமைப்படத்தில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வசனம் பேசாவிட்டால் காதல் புரியாதா இவர்களுக்கு?

அன்று நெல் மில்காரர் நேரிலேயே வந்துவிட்டார். அவர் தெருவில் எல்லா வீடும் அவர் சொல்படிதான் நடக்கும். பாட்டுப் படம் போடாவிட்டால் தெருவோடு டிஷ்ஷுக்கு மாறிவிடுவதாகச் சொன்னார். கணவர் இறந்தபின் முதலாளியம்மாவுக்கு இந்தக் கேபிள்தான் சோறு. அந்தத் தெரு போனால் பெரிய அடி. முதலாளியம்மாவோ திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

“இருண்ணே. அந்தப் பொண்ணு இன்னும் அழுவல.”

மில்காரரும் நின்று பார்த்தார். படம் முடிகிறவரை அவள் அழவே இல்லை. மில்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“நல்லாத்தான் கீது. ஆனா என் தெருவுக்கு இது வேணாம்.”

“அப்ப ஒயரக் கயட்டிக்கோ. படத்த நிறுத்த மாட்டேன்.”

சொன்னபடியே அவர் தெரு முழுக்கக் கழற்றிக்கொண்டது. அந்த மாதம் என் சம்பளம் பாதிதான் வந்தது. அதற்காக ஒரு நாளும் நான் முதலாளியம்மாவை நொந்துகொள்ளவில்லை. பாட்டுப் படம் போட்டுப் பிழைக்க ஆயிரம் பேர் இருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு மதியம் மில்காரரின் மனைவி தனியாக ஆபீசுக்கு வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வாசலிலேயே தயங்கி நின்றார்.

“எங்க வூட்ல இப்ப உங்க சேனல் வரதில்லக்கா. அந்தப் படகுப் படம் இன்னிக்கும் போடுவீங்களா?”

முதலாளியம்மா எழுந்தார். தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பாட்டு நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்தினார். அந்த ஒருத்திக்காக ஊர் முழுவதும் அந்தப் படம் மறுபடியும் ஓடியது. தொலைபேசி அடித்தது. நான் எடுக்கவில்லை.