மச்சான் கழற்றிய ஷூ

என் மனைவியின் தம்பி சிதம்பரத்தில் இருக்கிறான். சர்க்கரை நோயாளி, தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் கடலூரிலிருந்து போகும் ஞாயிறுகளில் ஷூ மாட்டிக்கொண்டு நிற்பான்.

“வாங்க மாமா, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்.”

“உக்காரு மச்சான். ஆதிமனுஷன் பசிச்சா நடந்தான், புலி தொரத்துனா ஓடுனான். மத்த நேரம் சும்மாதான் கெடந்தான். தெம்பைச் சேத்து வெக்கிற ஒடம்பு இது.”

அக்காள் கணவர் பேச்சை மீறும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. சிரித்தபடி ஷூவைக் கழற்றிவிடுவான். ஆதிமனிதனுக்குத் தினமும் பசித்தது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

போன வருடம் புண் ஆறாமல், அவன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்கு எந்தப் படிவம், எத்தனை போட்டோ, யார் கையெழுத்து, எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு முறைகூட மனு திரும்பி வராமல் அட்டையை வாங்கி அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இனிமே நடக்கச் சொல்லி எவனும் தொந்தரவு பண்ண மாட்டான், இல்ல மாமா?”

கேலியாகத்தான் கேட்டான்.

மறுநாள் காலை நடக்கக் கிளம்பி, தெருமுனையோடு திரும்பிவிட்டேன். அதன் பிறகு அதுவும் இல்லை. இரண்டு கால்களையும் வைத்துக்கொண்டு நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.