மிளகு வாசம் அடித்த பந்து

எங்கள் பந்தில் மிளகு வாசம் அடிக்கும். வந்த புதிதில் அதைத் தலையால் முட்டியவர்களெல்லாம் தும்மிக்கொண்டே ஓடினார்கள். அடிவாரத்து பாய் கடையில் மிளகு மூட்டையை இறக்கிவிட்டு, காலியான அதே சாக்கில் பந்தைப் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வளைவுகளெல்லாம் ஏறி அப்பா கொண்டுவந்த பந்து அது. நான் அப்போது கொல்லிமலையில் ஒரு விடுதிப் பள்ளியில் எட்டாவது படித்தேன், இரண்டாயிரமாம் ஆண்டு.

மைதானம் என்று நாங்கள் சொன்னது ஒரு சரிவுதான். மேட்டில் ஒரு கோல், பள்ளத்தில் ஒரு கோல், இரண்டிலும் வலை கிடையாது. பள்ளத்துக் கோலில் பந்து நுழைந்தால் பலா மரங்களுக்கு நடுவே உருண்டு ஓடைக்குப் போய்விடும், ஓடையில் விழுந்தால் பந்தை மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே இரண்டு கேப்டன்களும் மாற்றி மாற்றி "ஆள் எடுக்கும்"போது, முதலில் யாரை எடுப்பது என்ற சண்டை ஆட்டத்தைவிட நீளமாக நடக்கும். எதிர் கேப்டன் ராசாத்திக்குக் கோல் போடும் "பார்வர்டு" வேண்டும். எனக்குக் "கோலி", அதாவது கோல் காக்கிற புஷ்பா. பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவள்.

இந்த வழக்கு எங்கள் வீட்டாருக்குள்ளும் நடந்தது. பள்ளியில் என்னைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றபடி அப்பாவும் சித்தப்பாவும் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். இருவருமே ஆயுளில் பந்தை உதைத்ததில்லை.

"கோலு போட ஆளில்லாம கோலிய வெச்சுக்கிட்டு என்னங்கண்ணா பண்றது?" என்பார் சித்தப்பா.

"பந்தே போயிருச்சுன்னா உன்ற பார்வர்டு எதைய ஒதைப்பா?" என்பார் அப்பா. இந்தப் பேச்சில் ஒருமுறை பஸ்ஸையே விட்டுவிட்டார்கள்.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அப்பா ஐந்தே நாளில் இறந்துபோனார். காரியம் முடிந்து பள்ளிக்குத் திரும்பினேன். நான் அழவில்லை. நான் அழுவேன் என்று எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது, அதுகூட வேறு யாருக்கோ நடப்பதாகத்தான் பட்டது. சோற்றை வைத்தால் தின்றேன், மணி அடித்தால் எழுந்தேன்.

நான் மறுபடி ஆட வந்த முதல் நாள் மாலை, எதையும் விட்டுக்கொடுக்காத ராசாத்தி காசு சுண்டாமலே, "நீயே மொதல்ல எடுத்துக்க கண்ணு" என்றாள். எங்களுக்குப் பள்ளத்துக் கோல். புஷ்பா, தன் பெயர்தான் என்று ஓர் எட்டு முன்னால் வந்துவிட்டாள். நான் மல்லிகாவின் பெயரைச் சொன்னேன், அவள் பார்வர்டு. அப்பாவின் மேல் கோபம் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அன்று அந்தக் கோபம்கூட இல்லை. வாயில் வந்தது, சொன்னேன். ராசாத்தி உடனே புஷ்பாவை எடுத்துக்கொண்டாள்.

மல்லிகா இரண்டு கோல் போட்டாள். அப்புறம் எங்கள் கோலியின் கால்களுக்கு நடுவே பந்து நழுவியது. எதிரணியில் மேட்டுக் கோலில் நின்ற புஷ்பா, கோலை அப்படியே விட்டுவிட்டு, "பந்து, பந்து" என்று கத்திக்கொண்டு மைதானம் முழுவதையும் கடந்து சரிவில் இறங்கி ஓடினாள். பந்து ஓடையில் விழுந்த சத்தம் மேலே நின்ற எனக்குக் கேட்டது. இருட்டும்வரை தேடினார்கள், கிடைக்கவில்லை. முட்டி பெயர்ந்து மேலே வந்த புஷ்பா தேம்பித் தேம்பி அழுதாள். "உங்கப்பா வாங்கியாந்த பந்துடி. ஏன்டி என்னைய எடுக்கல?" என்று என்னை உலுக்கினாள். தெரியலை என்றேன். எனக்கும் சேர்த்து அவளே அழுகிறாள் என்று நினைத்தது ஞாபகமிருக்கிறது.

போன மாதம் சித்தப்பா பேத்தியைப் பார்க்க அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். சரிவை மண்ணடித்துச் சமமாக்கி, சுற்றிலும் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். பெண்கள் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அதே சண்டைதான். என்னைப் பார்த்ததும் ஒருத்தி, "ஏனுங்கக்கா, நீங்களே சொல்லுங்க, மொதல்ல யாரை எடுக்கறது?" என்றாள்.

"கோலியை" என்றேன்.

"ஏனுங்க?"

"பந்து போயிருமே கண்ணு."

அவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்கீங்கக்கா போகும்? அதான் கம்பி இருக்குதே."

ஆமாம் என்றேன். கம்பிக்கு அந்தப் பக்கம் பலா மரங்கள் அப்படியே இருந்தன. அவர்கள் ஆட ஆரம்பித்த பிறகும் நான் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபத்துச் சொச்சம் வருஷம் கழித்து, அங்கேதான் அப்பாவுக்காக அழுதேன்.