அண்ணன் ஆலயத்துக்கு வராத ஞாயிறு

எங்கள் அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி அண்ணி என்னிடம் கேட்டார். குடும்பத்தில் தவறாமல் டைரி எழுதுகிறவன் நான் ஒருவன்தான் என்பது காரணம். டைரிகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேதிகள் சரியாக இருக்கின்றன. ஒரு சனிக்கிழமைப் பக்கத்தில் மட்டும் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. இந்த மலரில் அதை எழுதாவிட்டால் வேறெங்கும் எழுதப்போவதில்லை.

அண்ணன் பங்காருபாளையத்தில் பிறந்தார். நாங்கள் நைனா என்று கூப்பிட்ட அப்பா அங்கே மாங்காய் மண்டியில் எடை போடும் வேலையில் இருந்தார். நைனா இறந்தபோது அண்ணனுக்குப் பதினெட்டு வயது, எனக்கு ஒன்பது. இண்டர்மீடியட் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, சித்தூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும், என்னைப் பட்டம் வரை படிக்கவைத்துத் திருப்பதியில் நூலக வேலைக்கு அனுப்பியதும் அவரே. படிப்பை விட்டதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

உடைந்த தராசு, நின்றுபோன மின்விசிறி, தண்ணீர் இழுக்காத மோட்டார் எதுவாக இருந்தாலும் பிரித்துப் பார்த்துவிடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கருவியையும் தொடமாட்டார். சனிக்கிழமை விளக்கு வைத்ததும் கருவிப் பெட்டியைப் பூட்டிச் சாவியை அண்ணியிடம் கொடுத்துவிடுவார். திங்கள் காலையில்தான் திரும்ப வாங்குவார். ஞாயிறு காலையில் நம் சபையின் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையின் இடது ஓரம் அவருடைய இடம். அங்கே அவரைப் பார்க்காத ஞாயிறு ஒன்றுதான் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கார் கதையும் நினைவிருக்கும். ஆனால் நீங்கள் கேட்ட கதை சரியானதல்ல.

ஏழாண்டுகளுக்கு முன் அண்ணிக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு திருப்பதி மருத்துவமனையில் கதிர் சிகிச்சை. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போகவேண்டும். நடுவில் ஒரு நாளும் விடக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அண்ணியால் உட்கார முடியாது. அண்ணன் தம்முடைய பழைய சிறு காரில் முன்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து, அதன்மேல் மெத்தை கட்டி, அண்ணி படுத்தே வரும்படி செய்திருந்தார். வேறு வண்டியில் ஏற்றிப் பார்த்த ஒரு நாள், வழியிலுள்ள பாகாலா தாண்டுவதற்குள் அண்ணிக்கு வலி தாங்கவில்லை.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, திரும்பும் வழியில் சந்திரகிரி தாண்டியதும் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. இன்ஜின் கத்தியது, வண்டி இழுக்கவில்லை. ஊர்ந்து ஊர்ந்து சித்தூர் வந்து சேர்ந்தார்கள். மெக்கானிக் புதன்கிழமைக்கு முன் முடியாது என்றார். அண்ணன் புது கிளட்ச் பிளேட் வாங்கிக்கொண்டு எனக்குப் போன் செய்தார். வீட்டிலேயே கியர் பாக்ஸை இறக்கிப் பிளேட்டை மாற்றப் போவதாகவும், சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வரும்படியும், நோட்டும் பேனாவும் மறக்கவேண்டாம் என்றும் சொன்னார்.

காரைத் தூக்கி நிறுத்தும் வசதி எதுவும் நம் வீட்டு வாசலில் கிடையாது. அண்ணன் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளில் உட்காரவைத்தார். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். இடுப்பால் காரை மூன்று முறை இடித்துப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பிறகே அடியில் போனார். கியர் பாக்ஸைக் கழற்றினால் இன்ஜின் ஒரு பக்கம் தொங்கிவிடும். அதற்காகச் சபையின் பந்தல் குழாய் ஒன்றை வாங்கி வந்து பானெட் ஓரங்களில் குறுக்காகப் போட்டு, சங்கிலியால் இன்ஜினைக் கட்டித் தொங்கவிட்டார். பக்கத்து வீட்டு முனிரத்தினம் பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னாண்ணா, வைத்தியம் பாக்குறியா, போஸ்ட்மார்ட்டமா?”

“ரெண்டும் ஒரே டாக்டருதான். வாய கழுவிக்கினு வந்து ஒரு கை பிடி,” என்றார் அண்ணன் அடியிலிருந்து.

பேட்டரி, கேபிள்கள், ஸ்டார்ட்டர் மோட்டார், சக்கரத்துக்குப் போகும் இரண்டு தண்டுகள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று நோட்டில் எழுதி, அதே வரிசையில் ஓர் அட்டையில் குத்தி வைத்தேன். கடைசி போல்ட் கழன்றதும், சாக்கு திணித்த பழைய டயர் ஒன்றை அடியில் தள்ளி, கியர் பாக்ஸை அதன்மேல் இறக்கினோம். முனிரத்தினமும் ஒரு கை பிடித்தார்.

புதுப் பிளேட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. எந்தப் பக்கம் இன்ஜினின் சுழல்சக்கரத்தைப் பார்க்கவேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்ல, அண்ணன் அங்கேயே சாக்பீஸால் ஒரு குறி போட்டிருந்தார். குறி இருக்கிறதே என்று நான் அதை நோட்டில் எழுதவில்லை. அவர் அடியில் இருந்த நேரம், பாகங்களைப் பெட்ரோல் துணியால் துடைத்து வைத்தேன். யாரும் சொல்லவில்லை. அழுக்கை விட்டுவைக்க என்னால் முடியாது. சாக்பீஸ் குறியும் அதோடு போய்விட்டது.

அண்ணன் அடியிலிருந்து கையை நீட்டினார். முகம் தெரியவில்லை, உள்ளங்கை மட்டும்.

“மார்க் எந்தப் பக்கம்டா? நோட்டுல எழுதிக்கினியா?”

“எழுதிக்கீறேண்ணா. இந்தப் பக்கம்தான் உள்ள போகணும்.”

துடைத்துவிட்டேன், தெரியவில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். கடைக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். என் நோட்டில் தப்பே இராது என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, அந்தப் பெயரை விட எனக்கு மனம் வரவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கி மாட்டினார். பிளேட்டை நடுவில் நிறுத்துவதற்கு ஒட்டடைக் கம்பின் நுனியை அறுத்து டேப் சுற்றி வைத்திருந்தார். அது சரியாகவே வேலை செய்தது.

மாலை எல்லாவற்றையும் பூட்டி முடித்து இன்ஜினை ஓடவிட்டார். கியர் விழவில்லை, கரகரவென்று சத்தம் போட்டது. மூன்று முறை முயன்றுவிட்டு இன்ஜினை நிறுத்தினார். “பிளேட் திரும்பிக்கீது,” என்று மட்டும் சொன்னார். வெளிச்சம் போயிருந்தது. கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, பூட்டி, வழக்கம்போல் சாவியை அண்ணியிடம் கொடுத்தார். அன்றைய டைரியில் ‘பிளேட் திரும்பி மாட்டப்பட்டது’ என்று எழுதினேன். யாரால் என்று எழுதவில்லை.

ஞாயிறு விடியற்காலையில் அண்ணன் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அண்ணியின் கட்டிலருகே நின்றார். நான் வாசற்படியில் இருந்தேன்.

“சாவி குடு,” என்றார்.

“எனக்கோசரம் உங்க ஞாயித்துக்கிழமைய ஒடைக்க வாணாம். வைத்தியம் ஒரு நாள் போனா போவுது.”

“நீ வலியில கெடக்கசொல்ல எனக்கு இன்னா ஞாயித்துக்கிழமை? சாவி குடு.”

அண்ணி தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

முதல் நாள் செய்த எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். ஆலயம் மூன்று தெரு தள்ளி. கழற்றிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது, பிறகு பாட்டு கேட்டது. அண்ணன் காருக்கு அடியில் படுத்தபடியே தம் குரலுக்குரிய பாகத்தைப் பாடினார். கைகள் நிற்கவில்லை. பிளேட் வெளியே வந்ததும் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். என் தோளில் கிடந்த துணியையும் பார்த்தார். பிறகு, “அந்த ஒட்டடக் கம்ப எடு,” என்றார். அவர் கவனிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொழுது சாய்வதற்குள் கியர் விழுந்தது. திங்கள் காலை அண்ணி திருப்பதி போனார். ஒரு நாளும் தவறாமல் சிகிச்சையை முடித்தார். இன்று உங்கள் கையில் இந்த மலரைக் கொடுத்ததும் அவரே.

அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் பெரியவர்கள் காரணம் கேட்டார்கள். “பிளேட்ட நாந்தான் திருப்பிப் போட்டுட்டேன்,” என்றார் அண்ணன். அன்றுமுதல் பாட்டுப் புத்தகத்தை அவரிடம் நீட்டும்போதெல்லாம் யாராவது ஒருவர், “அண்ணா, எந்தப் பக்கம்னு பாத்துப் பிடி,” என்பார். அவரும் சிரிப்பார். நானும் அருகில் நின்று சிரித்திருக்கிறேன். அப்படியே ஆறு ஆண்டுகள் போயின.

போன ஆண்டு நெஞ்சுவலி வந்து ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். உடனிருந்தும் நான் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காலை, அண்ணியின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போய்விட்டார்.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் அண்ணி கருவிப் பெட்டியின் சாவியை என்னிடம் கொடுத்தார். மூடியின் உட்புறத்தில் கூரான ஆணி ஒன்று நூலில் கட்டித் தொங்கியது. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் கழற்றி வைத்த ஒவ்வொரு பாகத்திலும் ஆணியால் கீறிய குறி இருந்தது. துடைத்தால் போகாத குறி. பெட்டியில் ஒரு துண்டு சாக்பீஸும் இல்லை.

அண்ணியைக் கவனித்துக்கொண்ட செவிலியருக்கும், பந்தல் குழாயைத் தந்த சபையாருக்கும், இரண்டு நாளும் தோள் கொடுத்த முனிரத்தினத்துக்கும், அடக்கத்தன்று உடன் நடந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இரண்டாம் வரிசையின் இடது ஓரத்தை இந்த ஓராண்டும் காலியாகவே வைத்திருந்த பாடகர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வருகைப் பதிவேட்டில் அண்ணன் பெயருக்கு நேராக வராத நாள் ஒன்று இருக்கிறது. அந்த நாளை என் பெயருக்கு மாற்றி எழுதிவிடுங்கள்.

தம்பி