பிலோமினம்மாளுக்கு ஒரு பூசை

தூக்குவாளியின் மூடியை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டும் அம்மாவின் கைகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. உள்ளே பாசிப்பருப்புப் பாயசம். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி காலைப் பூசைக்கு முன்பே அது தயாராகிவிடும். ஆனால் பூசை முடிந்து பங்குச் சாமியார் ஒரு டம்ளர் குடிக்கும்வரை எனக்கு ஒரு சொட்டும் கிடைக்காது. நான் எந்தப் புனிதையின் பெயரைச் சுமக்கிறேனோ அவருடைய திருநாள் அது. எனக்கான நாளில் எனக்கே கடைசியில்தான் என்பதில் எனக்குப் பெரிய மனத்தாங்கல்.

அம்மாவுக்குத் தேதிகள் பிடிபடுவதில்லை. புனிதர்களை வைத்துத்தான் வருடத்தை ஓட்டுவாள். ரேஷன் கார்டு தொலைந்தது சவேரியார் திருநாளுக்கு மறுநாள். பசு கன்று போட்டது செபஸ்தியாருக்கு முந்தின நாள். அப்பா சவுதிக்கு விமானம் ஏறியது சந்தியாகப்பர் கழிந்து நாலாம் நாள். ஒருமுறை பொன்னமராவதியில் வங்கிக்குப் போனபோது என் பிறந்த தேதியைக் கேட்டவரிடம், "சூசையப்பர் திருநாளுக்கு மூணு நாள் இருக்கையிலங்க" என்று சொன்னாள். அவர் எழுதாமல் விழித்ததைப் பார்த்து இவளுக்குக் கோபம் வேறு. பக்கத்தில் நின்ற நான்தான் "மார்ச் பதினாறு" என்று காப்பாற்றினேன்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் அம்மாவுக்குக் குழந்தை இல்லை. மூன்று முறை தங்கி, மூன்று முறையும் கலைந்துபோனது. அந்த நாட்களில் ஒரு கன்னியாஸ்திரி, குழந்தைகளுக்காகப் பரிந்து பேசுகிறவர் என்று சொல்லி ஒரு சின்னப் படத்தைக் கொடுத்தாராம். அம்பும் நங்கூரமும் வைத்திருக்கும் ஒரு சிறு பெண்ணின் படம். அவர்தான் பிலோமினம்மாள். கண்மாயே பாதி வருடம் காய்ந்து கிடக்கும் எங்கள் ஊரில் நங்கூரத்தை யார் கண்டது? அதை ஏதோ மண்வெட்டி என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அம்மா இரண்டு வருடம் அந்தப் படத்தின் முன் மெழுகுதிரி ஏற்றினாள். நான் பிறந்தேன். வேறு பெயரைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை.

எனக்கு எட்டு வயதானபோது பழைய சாமியார் மாற்றலாகிப் போனார். அவர் ஆண்டுதோறும் மறுபேச்சில்லாமல் அன்றைய பூசையில் பிலோமினம்மாளின் பெயரைச் சேர்த்துக்கொண்டவர். புதிதாக வந்தவர் இளைஞர், எதையும் முறைப்படி செய்கிறவர். பத்தாம் தேதி சாயங்காலம் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அவர் தங்கியிருந்த பங்கு வீட்டுக்குப் போனாள்.

"ஸ்தோத்திரம் சாமி. நாளைக்குப் பிலோமினம்மாவுக்குப் பூசை வைக்கணுங்க."

அவர் வழிபாட்டு நாட்காட்டியைப் புரட்டினார். "நாளைக்குப் புனித கிளாரம்மாதாம்மா போட்டிருக்கு."

"அவுகளுக்கும் வைங்க சாமி. எங்கம்மாவுக்கும் வைங்க."

அவர் தயங்கித் தயங்கித்தான் விஷயத்தைச் சொன்னார். பிலோமினம்மாளைப் பற்றி உறுதியான வரலாறு எதுவும் இல்லையாம். அதனால் நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அவருடைய திருநாளை நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டார்களாம். அப்படி ஒருவர் இருந்தாரா என்பதிலேயே சிலருக்குச் சந்தேகமாம். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

அம்மா என் தோளைப் பிடித்து அவர் முன்னால் தள்ளினாள்.

"அப்ப இவளை எனக்குக் கொடுத்தது யாரு சாமி?"

ஏதோ முகவரி தப்பி வந்து சேர்ந்தவள் நான் என்றும், யாராவது வந்து திருப்பிக் கேட்பார்கள் என்றும் எனக்குப் பட்டது. ஆனால் அம்மாவின் கவலை வேறு. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இத்தன வருசமா நன்றி சொன்னேனே, அது யாருக்குப் போச்சு? கொடுத்தவுக வேற ஆளா இருந்தா, பிள்ளைய வாங்கிக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே இவன்னு நெனைக்க மாட்டாகளா?"

சாமியார் நாட்காட்டியை மூடி வைத்தார். "எனக்குத் தெரியலம்மா. இந்தப் புத்தகத்துல அவங்க பேரு இல்லைங்கிறது மட்டுந்தான் எனக்குத் தெரியும். மோட்சத்துல யாரெல்லாம் இருக்காங்கன்னு முழுசா எழுதின புத்தகம் எங்க யாருகிட்டயும் இல்ல."

மறுநாள் கிளாரம்மாளின் பூசைதான் நடந்தது. மன்றாட்டு நேரத்தில் மட்டும், "பிலோமினா என்ற இந்தச் சிறுமியின் வாழ்வுக்காக நன்றி கூறுவோம்" என்றார். புனிதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூசைக்குப் பிறகு இரண்டு டம்ளர் பாயசம் குடித்தார். அம்மாவின் முகம் தெளியவில்லை.

பின்னால் திருச்சியில் கல்லூரி நூலகத்தில் நானே தேடிப் படித்தேன். பழைய கல்லறை ஒன்றில் கிடைத்த எலும்புகள், பெயர் எழுதிய ஓடுகள், அதையொட்டி எழுந்த வாதங்கள் எல்லாவற்றையும் படித்தேன். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. கெட்டிக்காரத்தனமாக அவளைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு.

கடைசிக் காலத்தில் அவள் புதுக்கோட்டையில் என் வீட்டில் இருந்தாள். அந்த ஆகஸ்டில் இரண்டு மெழுகுதிரிகளை ஏற்றினாள். எத்தனையோ வருடமாக இரண்டுதான் ஏற்றுகிறாள். ஒன்று எனக்கு, ஒன்று அப்பாவுக்கு என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். அன்று வாய்விட்டுக் கேட்டேன்.

"ஒன்னு பிலோமினம்மாவுக்கு" என்றாள். "இன்னொன்னு, கொடுத்தது வேற யாராச்சுமா இருந்தா அவுகளுக்கு."

இருபத்தெட்டு வருடம், பெயர் தெரியாத ஒருவருக்கு ஒரு மெழுகுதிரி.

"போய்ச் சேந்திருக்குமாடி?" என்று கேட்டாள்.

"சேந்திருக்கும்மா."

"ஆமா, நீ போயி பாத்துட்டு வந்த" என்று சிரித்தாள். ஆனால் என் கையை விடவில்லை.

போன தவக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். இந்த ஆகஸ்டில் பூசைக்கு எழுதிக்கொடுக்கப் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பேனாவை எடுத்துக்கொண்டார்.

"யாருக்குங்க?"

அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

"ஆன்ம இளைப்பாற்றிக்குத்தானே?"

"இல்லைங்க" என்றேன். "நன்றிப் பூசை. என்னைக் கொடுத்ததுக்கு."